பிளான்ச் வேடத்தில் ஜெசிகா டேண்டியை விட்டுவிட்டு விவியன் லீயை எடுத்தது சரியா? (எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர், 1951)

பழையரீல் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' படத்தை மறுபடி பார்த்தேன். வெட்டிய பகுதிகளைச் சேர்த்து 1993-இல் வெளியிட்டார்களே, அந்தப் பிரதி. நாலு நாளாகியும் மனதை விட்டுப் போகவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டென்னசி வில்லியம்ஸ் எழுதிய நாடகம் இது. நியூ ஆர்லியன்ஸில் இரண்டே அறை கொண்ட ஒரு வீடு. அங்கே ஸ்டெல்லாவும் அவள் கணவன் ஸ்டான்லி கோவால்ஸ்கியும் குடியிருக்கிறார்கள். ஸ்டெல்லாவின் அக்கா பிளான்ச் ஒரு பெட்டியோடு அங்கே வந்து இறங்குகிறாள். பரம்பரை வீடு கடனில் போய்விட்டது. ஆசிரியை வேலையும் போய்விட்டது. வயதை மறைக்கிறாள், குடிப்பதை மறைக்கிறாள், ஊரைவிட்டு வந்த காரணத்தையும் மறைக்கிறாள். ஸ்டான்லி ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கிறான். முடிவில் அவளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள்.

நாடகம் 1947 டிசம்பர் 3-ஆம் தேதி நியூ யார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில், எத்தல் பாரிமோர் தியேட்டரில் அரங்கேறியது. 855 காட்சிகள். அடுத்த வருடமே புலிட்சர் பரிசு. இயக்கம் எலியா கசான். பிளான்ச்சாக ஜெசிகா டேண்டி, ஸ்டான்லியாக மார்லன் பிராண்டோ, ஸ்டெல்லாவாகக் கிம் ஹண்டர், ஸ்டான்லியின் நண்பன் மிட்ச்சாகக் கார்ல் மால்டன். வார்னர் பிரதர்ஸுக்காகச் சார்ல்ஸ் ஃபெல்ட்மன் படமாகத் தயாரித்தபோது இயக்குநர் அதே கசான்தான். இந்த நால்வரில் மூவரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிளான்ச்சை மட்டும் மாற்றி, லண்டன் மேடையில் அதே வேடத்தைச் செய்திருந்த விவியன் லீயைக் கொண்டுவந்தார்கள்.

என் கேள்வி இதுதான். அந்த ஒரு மாற்றத்தால் படத்துக்கு நல்லது நடந்ததா, கெட்டது நடந்ததா? லீ இல்லாமல் இந்தப் படத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் டேண்டிக்கு நடந்தது நியாயம் என்றும் சொல்ல முடியவில்லை. நாடகம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கருத்து வேண்டும்.

---

மேடைக்காரி

நியாயம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டேண்டி அந்த வேடத்துக்கு எப்படி வந்தார் என்று பாருங்கள். வில்லியம்ஸின் பழைய ஓரங்க நாடகம் ஒன்றில், கற்பனையில் வாழ்ந்து கடைசியில் மனநல விடுதிக்குப் போகிற ஒரு முதிர்கன்னியின் பாத்திரம் உண்டு. பிளான்ச்சுக்கு அவளே முன்னோடி என்று சொல்லலாம். டேண்டியின் கணவர் ஹ்யூம் கிரோனின் அதை லாஸ் ஏஞ்சலிஸில் மேடையேற்றி மனைவியை நடிக்க வைத்தார். தயாரிப்பாளர் ஐரீன் செல்ஸ்னிக்கும் கசானும் வில்லியம்ஸும் பார்க்க வந்தார்கள். பார்த்த பிறகு வேறு ஆளைத் தேடும் தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. 1948-இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதும் வந்தது. எட்டுத் தடவை வாரத்துக்கு அந்தப் பெண்ணாக உடைந்து உடைந்து நடித்திருக்கிறார். படம் என்று வந்ததும், போஸ்டரில் போட அவர் பெயர் போதவில்லை.

எனக்கு இது வெறும் சினிமா வரலாறு இல்லை. இருபது வருடத்துக்கு முன் ஒரு குழுவில் மூன்று வருடம் ஒரு வேடம் செய்துவந்தேன். பெரிய அரங்கில் போடுகிற வாய்ப்பு வந்தபோது தொலைக்காட்சியில் தெரிந்த ஒரு முகத்தை எடுத்துக்கொண்டார்கள். குழுவின் பெயர் வேண்டாம். அன்று அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, என் வசனங்களை இன்னொருவர் வாயில் கேட்டேன். அந்தப் பெண் மோசமாகச் செய்யவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

எனவே லீ நன்றாகச் செய்தார் என்பதை மட்டும் வைத்து இந்தக் கேள்வியை முடிக்காதீர்கள்.

---

சுருள் 40

அக்கா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் ஸ்டுடியோ பக்கமும் பார்க்க வேண்டும். 1950-இல் பிராண்டோ யார்? அவருக்கு அதுவரை 'தி மென்' என்ற ஒரே படம்தான். ஹண்டருக்கும் மால்டனுக்கும் டிக்கெட் விற்கிற பெயர் இல்லை. கதையோ சென்சாரோடு மல்லுக்கட்ட வேண்டிய கதை. வார்னருக்கு ஒரு நட்சத்திரமாவது வேண்டியிருந்தது. 1939-இல் 'கான் வித் த விண்ட்' படத்தில் ஸ்கார்லெட் ஓஹாராவாக உலகத்தையே பார்க்க வைத்தவர் லீ. அவருக்கு 1 லட்சம் டாலர், பிராண்டோவுக்கு 75 ஆயிரம் என்று கணக்கு. அப்புறம், லீ ஒன்றும் வெளியாள் இல்லை. 1949-இல் லண்டன் ஆல்ட்விச் தியேட்டரில், கணவர் லாரன்ஸ் ஒலிவியே இயக்க, 326 காட்சிகள் பிளான்ச்சாக நடித்தவர்.

---

தஞ்சை வாசகன்

டேண்டியைப் பற்றிப் பேசுமுன் பிராண்டோவைப் பற்றிப் பேச வேண்டும். பிளான்ச்சின் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

ஸ்டான்லியாக முதலில் கேட்டது ஜான் கார்ஃபீல்டை. ஒப்பந்தம் படியவில்லை. கசான் பிராண்டோவுக்கு 20 டாலர் பஸ் செலவுக்குக் கொடுத்து, மாசசூசெட்ஸில் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் இருந்த வில்லியம்ஸிடம் அனுப்பினார். ஆள் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு, வழியில் போகிற வண்டிகளில் தொற்றிக்கொண்டு தாமதமாக வந்து சேர்ந்தார். வீட்டில் விளக்கு எரியவில்லை, குழாய் அடைத்திருந்தது. வந்தவர் இரண்டையும் சரிசெய்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து வசனம் படித்தார் என்று வில்லியம்ஸே எழுதியிருக்கிறார்.

அப்போது பிராண்டோவுக்கு 23 வயது. வில்லியம்ஸ் மனதில் வைத்திருந்த ஸ்டான்லி அதைவிட மூத்தவன். ஆனால் படித்துக் கேட்டதும் அவருக்கு ஒன்று தோன்றியது. முப்பது தாண்டியவன் செய்தால் கெடுமதியாகத் தெரிவது, இளைஞன் செய்தால் இளமையின் முரட்டுத்தனமாகவும் அறியாமையாகவும் தெரியும். யாரையும் வில்லனாக்கக் கூடாது, ஒருவரை ஒருவர் சரியாகப் பார்க்க முடியாமல் போவதே இதில் துயரம் என்று கசானுக்குக் கடிதமும் எழுதியவர் அவர். இளம் ஸ்டான்லி அந்த எண்ணத்துக்கு ஒத்துவந்தான்.

ஆனால் மேடையில் வேறொன்று நடந்தது. பார்வையாளர்கள் பிராண்டோவோடு சேர்ந்துகொண்டார்கள். பிளான்ச்சை அவன் மடக்கும்போது அரங்கம் அவன் பக்கம் நின்று சிரித்தது. விமர்சகரும் இயக்குநருமான ஹெரால்ட் கிளர்மன் இதைக் கவலையோடு எழுதினார். பிறகு அவரே யூட்டா ஹேகன், ஆந்தனி க்வின் இருவரையும் வைத்து இதே நாடகத்தின் சுற்றுப்பயணக் குழுவை இயக்கியபோது தராசு பிளான்ச் பக்கம் சாய்ந்தது. ஒரே வசனம்தான், ஆள் மாறியதும் யாருடைய துன்பியல் என்பதே மாறிவிட்டது.

டேண்டி திறமையில் குறைந்தவர் என்று நான் சொல்லவில்லை. பிராண்டோ என்ற புயலுக்கு எதிரே, ஒவ்வொரு இரவும் ஒரே அளவில், பிசகாமல் நடிக்கும் பழக்கம் கொண்டவர் அவர். பிராண்டோ ஒவ்வொரு இரவும் வேறு மாதிரி செய்வார். டேண்டிக்கு அது பெரிய எரிச்சல்.

---

பழையரீல்

தஞ்சை ஐயா சொன்னது எனக்கு ஒரு வழி திறந்துவிட்டது. நாலு நாளாக மனதில் சுற்றிக்கொண்டிருந்ததை இப்போது சொல்ல முடிகிறது என்று நினைக்கிறேன்.

மேடையில் அந்த நான்கு பேரும் ஒரே ஒத்திகையில் வளர்ந்தவர்கள். கசான் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வழி காட்டினார். அந்த வீட்டில் டேண்டியும் ஒரு உறுப்பினர். படத்திலோ பிராண்டோ, ஹண்டர், மால்டன் மூவருக்கும் அந்த வீடு நூற்றுக்கணக்கான இரவுகள் புழங்கிய வீடு. யார் எங்கே உட்காருவார், பீர் பாட்டிலை எப்படித் திறப்பார், சண்டை போட்டபின் எப்படிச் சமாதானமாவார் என்பதெல்லாம் அவர்கள் உடம்பில் ஏறிவிட்டது. அங்கே லண்டனிலிருந்து ஒரு பெண் வந்து இறங்குகிறார். வேறு நாட்டு உச்சரிப்பில் பழகியவர், வேறு இயக்குநரிடம் பாடம் படித்தவர், பெரிய பெயர் உள்ளவர். பிளான்ச் ஸ்டான்லி வீட்டுக்கு வந்ததும் இப்படித்தானே?

முதல் சில வாரங்கள் கசானுக்கும் லீக்கும் ஒத்துப்போகவில்லை. நானும் லாரியும் (கணவர் ஒலிவியே) லண்டனில் இப்படிச் செய்தோம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். இப்போது நீங்கள் லாரியோடு லண்டனில் செய்யவில்லை, எங்களோடு செய்கிறீர்கள் என்று கசான் சொல்ல வேண்டியிருந்தது. முன்பு இருந்த மாளிகையைப் பற்றியே பேசுகிற பிளான்ச்சை நினைத்துப் பாருங்கள்.

அந்த உராய்வு திரையில் தெரிகிறது. லீ கையை அசைப்பதிலும் குரலை ஏற்றி இறக்குவதிலும் மேடை நடிப்பு இருக்கிறது. பிராண்டோ முணுமுணுக்கிறார், சொறிகிறார், வாயில் சாப்பாட்டோடு பேசுகிறார். பிளான்ச் எப்போதும் நடித்துக்கொண்டே இருக்கிற பெண். நடிக்கத் தெரியாத ஒரு வீட்டில் அவள் மாட்டிக்கொண்டாள். லீயின் அந்த 'அதிகப்படி' இல்லாமல் இருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்காது.

---

மேடைக்காரி

தம்பி, அழகாகச் சொன்னீர்கள், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு திருத்தம்.

ஒன்று, இதை யாரும் திட்டமிடவில்லை. வியாபாரத்துக்காக எடுத்த முடிவு கலைக்கும் உதவியிருக்கிறது. அந்தப் பாராட்டை ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். லீயின் பிடிவாதத்தை உடைத்துவிடாமல் பாத்திரத்துக்குள் திருப்பிவிட்ட கசானுக்கும், அதற்கு இணங்கிய லீக்கும் கொடுங்கள். ஆரம்பத்தில் லீயின் திறமை சின்னது என்று நினைத்த கசானே, நடிப்பு மேம்படும் என்றால் லீ உடைந்த கண்ணாடித் துண்டுகள் மேல் தவழ்ந்தும் போயிருப்பார் என்று பிற்பாடு வியந்து பேசினார்.

இரண்டு, 'பிரிட்டிஷ் மேடை நடிப்புக்கும் ஆக்டர்ஸ் ஸ்டுடியோ நடிப்புக்கும் மோதல்' என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், நீங்களும் அந்தப் பக்கம் சாய்கிறீர்கள். (ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்றால் கசான் சேர்ந்து தொடங்கிய நியூ யார்க் நடிப்புப் பயிற்சிக்கூடம்.) டேண்டியும் லண்டனில் பிறந்து, லண்டன் மேடையில் வளர்ந்தவர்தான். அந்த மோதல் பிராட்வேயிலேயே இருந்தது. பிராண்டோவின் குரு ஸ்டெல்லா ஆட்லர். சொந்த வாழ்க்கையின் பழைய காயத்தைக் கிளறி அழுவது ஆட்லர் சொல்லித்தந்த முறை இல்லை. பாத்திரம் நிற்கிற சூழலைக் கற்பனையில் முழுதாகக் கட்டிக்கொள் என்பார் அவர். பிராண்டோ பீர் பாட்டிலைக் குலுக்கித் திறப்பதைப் பாருங்கள். அந்த வீட்டில் பத்து வருடம் குடியிருந்தவன் மாதிரி இருக்கும். பயிற்சி செய்கிற பிள்ளைகளுக்கு நான் எப்போதும் காட்டுகிற இடம் அது.

---

விளக்கடி

நான் லைட்டிங் வேலையில் இருப்பவன். நடிப்பு பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, ஆனால் வீட்டைப் பற்றிப் பேசலாம்.

மேடையில் ஜோ மீல்சினர் போட்ட செட்டில் சுவர்கள் மெல்லிய திரைத்துணி. பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்தால் சுவர் மறைந்து தெரு தெரியும். வீடும் தெருவும் பிளான்ச்சின் மனசும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். சினிமாவில் அந்த வித்தை செல்லாது. காமிரா முன்னால் துணி துணியாகத்தான் தெரியும்.

கசானும் கலை இயக்குநர் ரிச்சர்ட் டேயும் அதற்கு நேர் எதிரான வழியில் போனார்கள். கனமான, ஈரம் பிடித்த, காரை பெயர்ந்த சுவர்கள். ஆனால் நகர்த்தக்கூடியவை. படம் போகப் போகச் சுவர்களை உள்ளே தள்ளிக்கொண்டே வந்தார்கள். முதல் நாள் பிளான்ச் நுழைகிற அறையும் கடைசியில் அவளைப் பிடிக்கிற அறையும் ஒரே அளவு இல்லை. பார்க்கிறவனுக்கு எது மாறியது என்று தெரியாது, மூச்சு முட்டுவது மட்டும் தெரியும். முதல் தடவை எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு மறுபடி போட்டு, மேஜைக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன். கலை இயக்கத்துக்கு ஆஸ்கார் வந்ததில் வியப்பே இல்லை.

அப்புறம் ஹாரி ஸ்ட்ராட்லிங்கின் ஒளிப்பதிவு. இந்தக் கதையில் வெளிச்சமே ஒரு பாத்திரம். பிளான்ச் மொட்டை பல்புக்குப் பயப்படுகிறாள், காகிதக் கூடு வாங்கி மாட்டச் சொல்கிறாள். அந்தக் கூட்டுக்கு அடியில் இருக்கும் வரை லீ முகத்தில் விழும் வெளிச்சம் பஞ்சு மாதிரி. மிட்ச் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, அவள் முகத்தைப் பிடித்து பல்புக்கு நேராகக் கொண்டுபோகிறான். ஒரு நடிகையை எப்படி அழகாகக் காட்டுவது என்பதற்கு எங்கள் தொழிலில் நிறைய உபாயம் உண்டு. அந்த ஷாட்டில் ஒன்றையும் பயன்படுத்தவில்லை. உலகமே அழகி என்று கொண்டாடிய பெண், 36 வயதில், அதற்குச் சம்மதித்து நிற்கிறார்.

உடைகளையும் விடக்கூடாது. நாடகத்துக்கும் படத்துக்கும் லூசிண்டா பல்லார்ட்தான். தெருவில் குழி தோண்டுகிறவர்களைப் பார்த்து, வியர்வையில் உடம்போடு ஒட்டிய அவர்கள் உடையிலிருந்து ஸ்டான்லியின் டி-ஷர்ட்டையும் ஜீன்ஸையும் எடுத்தார். தளர்வான பனியனைத் தைத்து இறுக்கினார். உலகம் முழுக்க இன்று பையன்கள் போடுகிற வெள்ளை டி-ஷர்ட் ஒரு மேல்சட்டையாக மாறியதில் அந்தத் தையலுக்குப் பெரிய பங்கு உண்டு.

---

சுருள் 40

விளக்கடி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாடகத்தைப் படமாக்கும்போது 'வெளியே கொண்டுபோ' என்று எல்லோரும் சொல்வார்கள். கசானும் முதலில் அதைத்தான் செய்தார். பிளான்ச் தன் ஊரில் வாழ்ந்தது, மாளிகையை இழந்தது எல்லாவற்றையும் காட்சியாக வைத்து ஒரு திரைக்கதை எழுத வைத்தார். சில மாத வேலை. படித்துப் பார்த்தால் சாரம் போய்விட்டது. அவள் கடந்த காலத்தை நாம் கண்ணால் பார்த்துவிட்டால், அவள் சொல்வதில் எது பொய் எது உண்மை என்று தவிக்க ஒன்றும் மிஞ்சாது. தூக்கிப் போட்டுவிட்டு நாடகப் பிரதிக்கே திரும்பினார்.

வெளியே போவது கொஞ்சம்தான். ரயில் நிலையத்தில் நீராவிப் புகைக்குள்ளிருந்து லீ வருவது, பௌலிங் கூடம், ஏரிக்கரை நடன அரங்கு, தொழிற்சாலை. மீதி எல்லாம் பர்பாங்க் ஸ்டுடியோவுக்குள். தலைப்பில் வருகிற 'டிசையர்' டிராம் தடம் நியூ ஆர்லியன்ஸில் நிஜமாகவே ஓடியது. 1948-இல் நிறுத்திவிட்டுப் பஸ் விட்டார்கள். நாடகம் பிராட்வேயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிராம் போய்விட்டது.

---

கத்தரிக்காரன்

படத்தொகுப்பில் இருப்பவன் என்பதால் வெட்டுகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்துக்கு இரண்டு கட்டமாகக் கத்தி விழுந்தது. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் கட்டம், எழுத்தில். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தாங்களே வைத்துக்கொண்ட தயாரிப்பு விதிகள், அதன் காவலர் ஜோசஃப் பிரீன். அவர் அலுவலகம் மூன்று இடத்தில் கைவைத்தது. பிளான்ச்சின் இளம் கணவன் ஆலன் ஒருபால் ஈர்ப்பு உள்ளவன் என்பது, பிளான்ச்சின் காமம், ஸ்டான்லி அவளை வன்புணர்வது. முதல் இரண்டிலும் விட்டுக்கொடுத்தார்கள். நாடகத்தில், ஆலனை இன்னொரு ஆணோடு அறையில் பார்த்துவிட்டு, அன்றிரவு நடன மேடையில் அவனைப் பார்த்து அருவருப்பாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறாள். அவன் வெளியே ஓடித் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். படத்தில் அவன் ஒரு பலவீனமான கவிஞன், இரவில் அழுவான், அவ்வளவுதான். லீ அந்தப் பேச்சை எவ்வளவு உயிர் கொடுத்துப் பேசினாலும் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது. எதற்காக அந்தப் பையன் செத்தான் என்பது புரியவில்லை. படத்தின் பெரிய இழப்பு என்று நான் நினைப்பது இதுதான்.

மூன்றாவதில் வில்லியம்ஸும் கசானும் அசையவில்லை. மென்மையானவர்களை இந்தக் காலத்தின் முரட்டு சக்திகள் சூறையாடுவதே நாடகம், அந்த வன்முறை இல்லையேல் நாடகத்துக்குப் பொருளே இல்லை என்று வில்லியம்ஸ் பிரீனுக்கு எழுதினார். கடைசியில் காட்சி தங்கியது. கண்ணாடி உடைகிறது, அதில் அவள் தலை சாய்வது தெரிகிறது, அடுத்த ஷாட்டில் தெருவைக் கழுவுகிற குழாய்த் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. பதிலுக்கு, ஸ்டான்லிக்குத் தண்டனை கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை. அதனால் முடிவு மாறியது.

இரண்டாம் கட்டம், எடுத்து முடித்த பிறகு. கத்தோலிக்கர்களின் ஒழுக்கக் கழகம் 'பார்க்கக் கூடாத படம்' என்று முத்திரை குத்தப்போவதாக மிரட்டியது. அந்த முத்திரை விழுந்தால் வசூல் பாழ். வார்னர் கசானிடம் சொல்லாமலே நாலு நிமிடம் போலப் படத்தை வெட்டியது. கசான் மனம் கொதித்து நியூ யார்க் டைம்ஸில் எழுதினார்.

என்னென்ன வெட்டினார்கள் தெரியுமா? ஒரு பையனிடம் பிளான்ச் 'மெதுவாக, இனிமையாக, உன் வாயில் ஒரு முத்தம்' என்கிறாள். 'வாயில்' என்பதை வெட்டினார்கள். சின்ன வெட்டு, ஆனால் காது ஒரு துள்ளலை உணரும். பெரிய சேதம் படிக்கட்டுக் காட்சியில். சீட்டாட்ட இரவில் ஸ்டான்லி அடித்துவிட்டுக் கீழே நின்று ஸ்டெல்லா என்று கதறுகிறான். அவள் மேல்மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். கசான் அதில் ஹண்டரின் முகத்தை அருகில் வைத்திருந்தார். அவள் கோபத்தையும் ஆசையையும் சேர்ந்து பார்க்கலாம். அலெக்ஸ் நார்த் அதற்கு ஜாஸ் சாயலில், உடம்பு சூடேறுகிற இசை போட்டிருந்தார். கழகத்துக்கு அந்த முகமும் பிடிக்கவில்லை, அந்த இசையும் பிடிக்கவில்லை. க்ளோசப்பை எடுத்துவிட்டுத் தூர ஷாட்டைப் போட்டார்கள், இசையையும் மாற்றினார்கள். ஒரு மனைவி கணவனை விரும்புவது அவர்களுக்கு ஆபாசமாகப் பட்டது! வெட்டிய துண்டுகள் வார்னர் கிடங்கில் கிடந்து, பல பத்தாண்டுகள் கழித்து அகப்பட்டு, 1993-இல் திரும்பச் சேர்ந்தன.

இந்த இழையின் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 42 வருடம் உலகம் பார்த்த பிரதியில் ஸ்டெல்லாவின் ஆசை இல்லை. அது இல்லாவிட்டால் பிளான்ச் ஏன் தோற்கிறாள் என்பது பாதிதான் புரியும். கிம் ஹண்டருக்கு நடந்த அநியாயத்தையும் கொஞ்சம் பேசுவோம். அந்தக் குறைந்த பிரதியிலேயே அவருக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

---

தஞ்சை வாசகன்

கத்தரிக்காரன் எழுதியது அருமை. அந்த மாறிய முடிவைப் பற்றி நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன்.

நாடகத்தின் முடிவில் ஸ்டெல்லா அழுதுகொண்டே ஸ்டான்லியின் அணைப்பில் இருக்கிறாள், பக்கத்தில் சீட்டாட்டம் தொடர்கிறது. நடந்தது நடந்துவிட்டது, வீடு பழையபடி. படத்தில் ஸ்டெல்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இனி திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போகிறாள். பிரீன் அலுவலகத்துக்குத் திருப்தி.

ஆனால் அது எந்தப் படி? சீட்டாட்ட இரவில் அவள் ஓடி ஏறிய அதே படி. போகிற இடமும் அதே மாடி வீடு. கீழே ஸ்டான்லி அதே பெயரைக் கூப்பிடுகிறான். அன்று அவள் இறங்கி வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். விதிமுறைக்காரர்கள் வசனத்தை மட்டும் கேட்டார்கள், கசான் படியை வைத்துப் பேசினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

---

கத்தரிக்காரன்

ஐயா, அது 1993 பிரதியைப் பார்த்தால் மட்டுமே முழுதாக வேலை செய்யும். முதல் தடவை அவள் எதற்காக இறங்கினாள் என்று முகத்தில் பார்த்தவனுக்குத்தான் இரண்டாவது தடவை பயம் வரும்.

---

புதியவள்

வணக்கம். நான் இன்னும் படம் பார்க்கவில்லை, இழையைப் படித்துவிட்டுத்தான் பார்க்கப் போகிறேன். முதலில் நாடகத்தைப் படிக்கவா, படம் பார்க்கவா? எல்லோரும் பிராண்டோவைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆஸ்கார் அவருக்குத்தானே கிடைத்தது?

---

பழையரீல்

வாருங்கள். படத்தை முதலில் பாருங்கள், 1993 பிரதியாக இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நாடகத்தைப் படியுங்கள், முக்கியமாக ஆலனைப் பற்றி அவள் பேசும் இடத்தை.

ஆஸ்கார் பிராண்டோவுக்குக் கிடைக்கவில்லை. 12 பரிந்துரைகளில் 4 கிடைத்தன. லீ, ஹண்டர், மால்டன், கலை இயக்கம். ஒரே படத்துக்கு மூன்று நடிப்பு விருதுகள் கிடைத்தது அதுவே முதல் தடவை. பிராண்டோவைத் தாண்டி 'தி ஆஃப்ரிக்கன் க்வீன்' படத்துக்காக ஹம்ஃப்ரி போகார்ட்டுக்குப் போயிற்று. இன்றைக்கு யோசித்தால் வியப்பாக இருக்கும். ஆனால் அன்றைக்குப் படத்தைப் பார்த்தவர்கள் லீயையும் மால்டனையும் எவ்வளவு கவனித்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. நாமோ டி-ஷர்ட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

---

மேடைக்காரி

இரண்டு நாள் கழித்து வருகிறேன். நேற்று இரவு மறுபடி பார்த்தேன், இந்த முறை லீயை மட்டும்.

விளக்கடி சொன்ன பல்பு ஷாட்டில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கொஞ்ச நேரம் ஓட்ட முடியவில்லை. டார்ஜிலிங்கில் பிறந்து, ஆறு வயதிலேயே இங்கிலாந்துக் கான்வென்டில் விட்டுவிட்டுப் போகப்பட்ட குழந்தை அவர். மனநோயோடு வாழ்நாள் முழுக்கப் போராடியவர். பிளான்ச் தன்னைச் சித்தம் கலங்கும் பக்கம் தள்ளிவிட்டாள் என்று அவரே சொன்னார். அந்தக் கடைசிக் காட்சியில், டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையை நீட்டியதும், லீயின் முகத்தில் பழைய மாளிகைப் பெண் ஒரு கணம் திரும்பி வருகிறாள். இதை நட்சத்திரத்துக்காக எடுத்த முடிவு என்று மட்டும் நான் சொல்லிக்கொண்டிருந்தது தவறு. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

டேண்டிக்கு நடந்ததையும் மறக்க மாட்டேன். அவருடைய பிளான்ச் என்று நான் பார்த்ததெல்லாம் புகைப்படங்கள்தான். ஒன்றில் பிராண்டோ கத்திக்கொண்டு நிற்கிறார், டேண்டி ஒதுங்கி நிற்கிறார். தோள்பட்டையைப் பாருங்கள். அந்தத் தோளிலேயே முழு நாடகமும் இருக்கிறது. 1990-இல், 80 வயதில், 'டிரைவிங் மிஸ் டெய்சி'க்காக ஆஸ்கார் வாங்க அவர் மேடை ஏறியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்துவிடும்.

இந்த ஞாயிறு என்னிடம் நடிப்புப் பயிலும் பிள்ளைகளுக்கு 1993 பிரதியைப் போட்டுக் காட்டுகிறேன். ஸ்டெல்லா குழந்தையோடு படி ஏறும்போது நிறுத்தி, இவள் இறங்கி வருவாளா என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப் போகிறேன். தஞ்சை ஐயா, என்ன சொன்னார்கள் என்று திங்கட்கிழமை இங்கே எழுதுகிறேன்.